களத்துக்குக் கீழே ஒரு சிறை

எங்கள் பகுதி மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில் வாரம் மூன்று நாள் கராத்தே கிளாஸ் நடக்கும். மாஸ்டர் வந்ததும் பையிலிருந்து முதலில் எடுப்பது லேமினேட் செய்த ஒரு புரூஸ் லீ படத்தைத்தான். அதைச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். புரூஸ் லீ கராத்தேக்காரரே இல்லை என்பது எங்களுக்கும் தெரியாது, அநேகமாக மாஸ்டருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் படத்தைக் காட்டி அவர் சொன்ன ஒரு வாக்கியம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: "வெள்ளை டிரெஸ்ஸைப் போட்டுட்டா இங்க எல்லாரும் ஒண்ணுதான்டா."

அதை நம்பித்தான் முதல் மாவட்டப் போட்டிக்குப் போனோம். பெயர் பதியும் மேசையில் இருந்தவர் என் நண்பனைப் பார்த்து, "எந்த ஏரியாடா?" என்றார். சொன்னான். "அப்பா என்ன பண்றாரு?" "கார்ப்பரேஷன்ல வேலை சார்." "கார்ப்பரேஷன்ல என்ன வேலை?" அதையும் சொன்னான். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. படிவத்தைப் பேனா முனையால் மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். இரண்டாவது சுற்றில் நடுவர்களின் கொடி எதிராளி பக்கம் உயர்ந்தது. நண்பன் உண்மையிலேயே தோற்றானா, அல்லது அந்த மேசையிலேயே தோற்றுவிட்டானா? இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தக் கேள்வியின் வேலையே அதுதான். வென்றாலும் தோற்றாலும் காரணம் எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி நம்மை ஆக்கிவிடும்.

"விளையாட்டில் எதற்குச் சாதியைக் கொண்டுவருகிறீர்கள், களத்தில் திறமை மட்டும்தானே பேசும்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்த மேசை என் நினைவுக்கு வரும். கூடவே, எங்கள் சுவரில் தொங்கிய அந்த மனிதர் நடித்த 'என்டர் தி டிராகன்' படமும் நினைவுக்கு வரும்.

உலகெங்கிலும் இருந்து சண்டைக்காரர்கள் ஒரு தீவில் கூடி மோதும் போட்டி. இந்தக் கதையை அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள் எடுத்தாகிவிட்டது. வீடியோ கேம்களும் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் தாய் இந்தப் படம். 1973 ஜூலை 20 அன்று, 32 வயதில், புரூஸ் லீ ஹாங்காங்கில் இறந்துபோனார். அடுத்த மாதம் அமெரிக்காவில் படம் வெளியானது. ராபர்ட் கிளவுஸ் இயக்கியது, ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸும் ஹாங்காங் நிறுவனமும் சேர்ந்து தயாரித்தது. 2004இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. இதைச் சண்டைக்காகப் பார்த்தவர்கள் கோடிப் பேர். இந்த முறை நீங்கள் பார்க்கும்போது, போட்டி எங்கே நடக்கிறது, யாருடைய இடத்தில் நடக்கிறது, அந்த இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

மூன்று பேர் அந்தத் தீவுக்குப் போகிறார்கள். மூவருக்கும் மூன்று காரணங்கள். ஷாவ்லின் மடத்தில் பயின்ற லீ, பிரிட்டிஷ் உளவுத்துறை கேட்டுக்கொண்டதற்காகவும், தன் தங்கையின் சாவுக்குக் காரணமானவனைத் தேடியும் போகிறார். ரோப்பர் என்ற வெள்ளை அமெரிக்கர் சூதாடிக் கடன்பட்டவர். கடன் கொடுத்த கும்பல் அவரைத் தேடி வருவது கோல்ஃப் மைதானத்துக்கு. மூன்றாமவர் வில்லியம்ஸ், கறுப்பர். லாஸ் ஏஞ்சலஸில் இரவு தெருவில் நடந்துபோய்க் கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். இரண்டு வெள்ளைப் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி மறிக்கிறார்கள். பையைக் கிளறுகிறார்கள். ஹாங்காங் போகும் பயணச்சீட்டைப் பார்த்து நக்கலடிக்கிறார்கள். பிறகு கை நீள்கிறது. வில்லியம்ஸ் இருவரையும் அடித்துப் போட்டுவிட்டு அவர்களுடைய வண்டியையே எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்.

ஒருவர் கடன்காரர்களிடமிருந்து ஓடுகிறார், இன்னொருவர் அரசின் சீருடையிடமிருந்து. ரோப்பர் செய்த தவறு ஒன்று இருக்கிறது. வில்லியம்ஸ் செய்த தவறு தெருவில் நடந்தது. இந்த வேறுபாட்டைப் படம் வசனமாகப் பேசுவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டுப் போகிறது. பைக்கில் போகும் மூன்று பையன்களில் யாரை நிறுத்தி "எந்த ஏரியா?" என்று கேட்பார்கள் என்று தெரிந்த நமக்கு விளக்கம் தேவையில்லை.

வில்லியம்ஸாக நடித்த ஜிம் கெல்லி வெறும் நடிகர் அல்ல. 1971இல் லாங் பீச் சர்வதேச கராத்தே போட்டியில் பட்டம் வென்றவர். கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். பயிற்சியாளர் இன்னொரு கறுப்பு மாணவரை இனவெறிச் சொல்லால் திட்டினார் என்பதற்காகவே அதைக் கைவிட்டதாகப் பிற்காலப் பேட்டிகளில் சொன்னார். படத்தில் அவர் ஹாங்காங் கிளம்பும் முன் ஒரு பயிற்சிக்கூடம் வருகிறது. கறுப்பு இளைஞர்கள் வரிசையாக நின்று பயிற்சி செய்கிறார்கள். சுவரில் நாகமும் முஷ்டியும் சேர்ந்த ஒரு சின்னம். கதைக்காகச் செய்த செட் அலங்காரம் இல்லை அது. கறுப்பு கராத்தே கூட்டமைப்பு என்ற உண்மையான அமைப்பின் சின்னம்.

அந்த அமைப்பு ஏன் பிறந்தது? 1960களின் இறுதியில் கலிஃபோர்னியா போட்டிகளில் கறுப்பு வீரர்கள் அடித்த அடிக்குப் புள்ளி விழவில்லை, நடுவர்கள் பாரபட்சம் காட்டினார்கள் என்பது அவர்கள் அனுபவம். தனித்தனியாகப் போய் முறையிட்டுப் பயனில்லை என்று புரிந்துகொண்டு சங்கமாகச் சேர்ந்தார்கள். "களத்தில் திறமை மட்டும் பேசும்" என்ற பொய்யை நேரில் சந்தித்தவர்கள் கட்டிய அமைப்பின் சின்னம், "களத்தில் திறமை மட்டும் பேசும்" என்று சொல்லும் வகைப் படங்களின் தாய்க்குள்ளேயே மாட்டப்பட்டிருக்கிறது! முதல் தடவை இது தெரிந்தபோது எனக்கு எங்கள் மாவட்டப் போட்டியின் கொடிகள் கண்முன் வந்தன. எங்களிடம் அப்படி ஒரு சங்கம் இல்லை. ஒரு லேமினேட் படம் மட்டும் இருந்தது.

அடுத்து வருவது ஹாங்காங் துறைமுகம். வில்லியம்ஸ் ஒரு சின்னப் படகில் போகிறார். இருபுறமும் நெருக்கியடித்து நிற்கும் படகுகள். அந்தப் படகுகளிலேயே குடும்பம் நடத்தும் மக்கள். அதைப் பார்த்து, உலகத்தில் எங்கே போனாலும் சேரி ஒரே மாதிரிதான் இருக்கிறது, அதன் நாற்றமும் ஒன்றுதான் என்ற பொருளில் அவர் ஒரு வார்த்தை சொல்கிறார். ஒரு சண்டைப் படத்தில், சண்டையே ஆரம்பிக்காத நேரத்தில், லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பர் குடியிருப்பையும் ஹாங்காங்கின் நீர்க் குடியிருப்பையும் இணைத்துவிடுகிற வார்த்தை.

ஹாங்காங்கில் தலைமுறை தலைமுறையாகப் படகில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் 'தாங்கா' என்று மற்றவர்களால் அழைக்கப்பட்ட மக்கள். அந்தப் பெயரே இழிசொல்லாகப் புழங்கியது; அவர்கள் தங்களை 'நீர்மேல் வாழ்வோர்' என்றே சொல்லிக்கொண்டார்கள். தென்சீனக் கரையோரம் நெடுங்காலம் அவர்கள் கரையேறிக் குடியிருக்கக் கூடாது, கரைவாசிகளுடன் மணவுறவு கூடாது என்றிருந்தது. பேரரசின் அரசுப் பணித் தேர்வையும் எழுதக் கூடாது. 1729இல் யோங்செங் பேரரசர் அவர்கள் கரையில் குடியேறலாம் என்று ஆணையிட்டார். ஆணை வந்தது, இழிவு போகவில்லை. அது அடுத்த நூற்றாண்டுகளுக்கும் தொடர்ந்தது.

சீனத்தின் அரசுப் பணித் தேர்வை உலகம் எதற்காகப் புகழ்கிறது? பிறப்பைப் பார்க்காமல் அறிவை மட்டும் பார்த்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த பழைய தகுதித் தேர்வு என்றுதானே? அந்தத் தகுதித் தேர்வின் வாசலிலேயே, பிறப்பைச் சொல்லிச் சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே போனவர்களுக்குள் நடந்தது நியாயமான போட்டியாகவே இருக்கட்டும். வாசலில் நடந்ததை யார் கணக்கில் சேர்ப்பது? மகாபாரதத்தில் இளவரசர்களின் வித்தை அரங்கேறும் களத்துக்குள் கர்ணன் வந்து நின்றபோது, கிருபர் அவனிடம் வில்லைப் பற்றிக் கேட்கவில்லை. குலத்தைக் கேட்டார். பதிவு மேசை எல்லா நாட்டிலும் பழைய மேசைதான்.

தீவுக்குப் போகும் படகில் இன்னொரு காட்சி உண்டு. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது அதுதான். நியூசிலாந்திலிருந்து வரும் பார்சன்ஸ் என்ற வீரன், படகில் வேலை செய்யும் பையன்களைச் சீண்டித் தள்ளி விளையாடுகிறான். அடுத்து லீயிடம் வந்து வம்பிழுக்கிறான், உன் சண்டை முறை என்ன என்று கேட்கிறான். சண்டை போடாமலே சண்டை போடும் கலை என்கிறார் லீ. காட்டு பார்க்கலாம் என்றதும், பக்கத்தில் தெரியும் தீவுக்குப் போய்ச் செய்வோம் என்று சொல்லி அவனைப் பின்னால் கட்டியிருக்கும் சின்னத் தோணியில் இறங்க வைக்கிறார். அவன் இறங்கியதும் கயிற்றைத் தளர்த்தி விடுகிறார். தோணி தள்ளாடுகிறது, தண்ணீர் ஏறுகிறது, வீரன் கத்துகிறான்.

இதைப் புரூஸ் லீயின் புத்திசாலித்தனத்துக்கு உதாரணமாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதன் கடைசி நொடியைப் பாருங்கள். லீ அந்தக் கயிற்றைத் தன் கையில் வைத்துக்கொள்வதில்லை. அவன் யாரைத் தள்ளிவிட்டானோ அந்தப் பையன்களின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பையன்கள் சிரிக்கிறார்கள். தங்களுக்காக யாரோ பழிவாங்கினார் என்ற சிரிப்பாக எனக்கு அது தெரியவில்லை. இப்போது கயிறு நம் கையில் இருக்கிறது என்ற சிரிப்பு.

தீவில் போட்டி ஆடம்பரமாகத் தொடங்குகிறது. விருந்து, இசை, மல்யுத்தம். நடத்துபவன் ஹான். ஒரு கை இரும்புக் கை. ஆனால் அந்தப் போட்டி ஒரு முகமூடி. ஹான் செய்வது அபின் வியாபாரமும் பெண்களைக் கடத்தி விற்பதும். வியாபாரத்துக்கு நம்பகமான ஆட்கள் வேண்டும். அவர்களைப் பொறுக்கியெடுக்கத்தான் போட்டி. திறமைசாலிகள் எல்லோரும் மேலே வரலாம், யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் எதுவரை வரலாம்? ஹானுக்குக் கீழே உள்ள நாற்காலி வரை. களத்தில் ஜெயிப்பவனுக்குக் கிடைப்பது விடுதலை அல்ல, வேலை நியமனம்!

வில்லியம்ஸின் சாவும் இந்த ஏற்பாட்டுக்குள்தான் நடக்கிறது. இரவில் காவலர்களை அடித்தது லீ. அந்த நேரத்தில் காற்று வாங்க வெளியே போயிருந்தவர் வில்லியம்ஸ். ஹான் அவரை அழைத்து, நீதான் அடித்தாய் என்கிறான். நான் இல்லை என்கிறார். அப்படியானால் யார் என்று சொல் என்கிறான். வில்லியம்ஸ் லீயை இருட்டில் பார்த்தவர்தான். ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. செய்யாத குற்றத்துக்கு, காட்டிக்கொடுக்காத காரணத்துக்காக, இரும்புக் கையால் அடித்துக் கொல்லப்படுகிறார். ஊரில் தெருவில் நடந்ததற்குப் பிடித்தார்கள், தீவில் இரவில் நடந்ததற்குக் கொன்றார்கள். கடன்காரனான ரோப்பருக்கோ ஹான் கூட்டாளியாகச் சேரும் வாய்ப்பைத் தருகிறான், யோசிக்க அவகாசமும் தருகிறான். ரோப்பர் நல்லவர், கடைசியில் ஹானுக்கு எதிராக நிற்கிறார். அது வேறு. ஆனால் யோசிக்க அவகாசம் யாருக்குக் கிடைத்தது என்பதுதான் கேள்வி.

கறுப்புக் கதாபாத்திரத்தைப் பாதியில் கொன்றுவிட்டு வெள்ளைக்காரரைக் கடைசி வரை கூட்டிப்போவது ஹாலிவுட்டின் பழைய பழக்கம். இந்தப் படமும் அதிலிருந்து தப்பவில்லை. ஜிம் கெல்லியின் உடலும் சண்டையும் சிரிப்பும் படத்துக்கு வேண்டியிருந்தன. முடிவில் நின்று வெற்றியை அனுபவிக்க அவர் வேண்டியிருக்கவில்லை.

இதே கணக்கு நம் நாட்டு மைதானத்திலும் நடந்திருக்கிறது. பல்வங்கர் பாலூ சமார் சாதியில் பிறந்தவர். நூறாண்டுக்கு முன் இந்தியாவின் மிகச்சிறந்த சுழற்பந்து வீச்சாளர். ஐரோப்பியர் அணியைத் தோற்கடிக்க 'இந்துக்கள்' அணிக்கு அவர் கை வேண்டும். ஆடும்போது பந்தைத் தொடலாம். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். 1911இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்தார். ஆனாலும் அந்த அணியின் தலைமை அவருக்குக் கடைசி வரை தரப்படவில்லை. நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. திறமையை எடுத்துக்கொள்வார்கள், ஆளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவரை வெளியே உட்கார வைத்தவர்களும் மைதானத்தில் சாதி இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

புரூஸ் லீயின் வாழ்க்கையும் இதே வாசலில் அடிபட்டதுதான். தாய் கிரேஸ் ஹோவுக்கு ஐரோப்பிய வம்சாவளி உண்டு. ஹாங்காங்கில் யிப் மேனிடம் விங் சுன் பயின்றபோது, இவன் முழுச் சீனன் இல்லை என்று தெரிந்ததும் சக மாணவர்கள் சிலர் சேர்ந்து பயிற்சி செய்ய மறுத்ததை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன. 1959இல் அமெரிக்கா போனார். சியாட்டிலில் அவருடைய முதல் மாணவர் ஜெஸ்ஸி குளோவர் என்ற கறுப்பு இளைஞர். குளோவர் தற்காப்புக் கலையைத் தேடி வந்த காரணம் இதுதான்: சிறுவனாக இருந்தபோது ஒரு போலீஸ்காரர் அடித்து அவர் தாடையை உடைத்திருந்தார். படத்தில் வரும் அந்தத் தெருக் காட்சிக்கு முன்பே, புரூஸ் லீயின் வாழ்க்கையில் அது வந்துவிட்டது.

யார் வந்தாலும் கற்றுக்கொடுத்தார். சீனரல்லாதாருக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்ற நிர்ப்பந்தத்தால்தான் 1964இல் வோங் ஜாக் மேனுடன் மோதல் நடந்தது என்பது அவர் மனைவி லிண்டாவின் கூற்று. வோங் அதை மறுத்தார். எது எப்படியோ, என் பள்ளி, என் பரம்பரை, என் தூய முறை என்பதையெல்லாம் உதறி, எதிலிருந்து எது பயன்படுமோ அதை எடுத்துக்கொள் என்ற வழிக்கு அவர் வந்துவிட்டார். வித்தையைக் குலச்சொத்தாகப் பூட்டி வைப்பதும், கேட்டு வந்தவனிடம் கட்டை விரலைக் கேட்பதும் நமக்குப் புதிதல்ல. பூட்டை உடைத்தவர் படத்தைத்தான் எங்கள் மாஸ்டர் தெரியாமலே சுவரில் மாட்டியிருக்கிறார். அவ்வளவு திறமை இருந்தும் புரூஸ் லீக்கு ஹாலிவுட் கொடுத்தது 'தி கிரீன் ஹார்னெட்' தொடரில் வெள்ளை நாயகனின் உதவியாளர் வேடம். 1972இல் 'குங்ஃபூ' என்ற தொடரில் அரைச்சீன நாயகன் வேடம் வந்தபோது அது டேவிட் கராடின் என்ற வெள்ளை நடிகருக்குப் போனது. முழுமையான நாயகனாக அவரை ஹாலிவுட் முதலில் காட்டியது இந்தப் படத்தில். அதைத் திரையில் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அதற்காகப் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. ஹாங்காங் அப்போது பிரிட்டனின் காலனி. அபின் விற்பவனைப் பிடிக்க பிரிட்டிஷ் உளவுத்துறை யோக்கியனாக வருகிறது! சீனத்துக்குள் அபினைத் திணிக்கப் போர் நடத்தி, அந்தப் போரில்தான் ஹாங்காங்கையே பறித்துக்கொண்டார்கள் என்பதைப் படம் மறந்துவிடுகிறது. ஹானும் மேற்கத்தியக் கதைகளில் வரும் 'தந்திரக்காரச் சீன வில்லன்' அச்சில் வார்த்தவன்தான். பெண்களைப் படம் நடத்தும் விதம் அதைவிட மோசம். ஏஞ்சலா மாவ் நடித்த தங்கை பாத்திரம் சில நிமிடங்களே வந்தாலும் அத்தனை பேரை அடித்து வீழ்த்துகிறது. பிறகு அண்ணனின் கோபத்துக்குக் காரணமாக மட்டும் அவள் சாக வேண்டியிருக்கிறது. தீவில் மற்ற பெண்கள் விருந்தினர்களுக்குப் பரிமாறப்படுகிறார்கள். கேமரா வெட்கமில்லாமல் பார்க்கிறது.

இத்தனைக்கும் நடுவில் படம் தன்னையும் அறியாமல் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறது. களத்துக்குக் கீழே ஒரு சிறை இருக்கிறது. ஹான் ரோப்பரைக் கூட்டிப்போய் அதைக் காட்டுகிறான். கூண்டுகளில் மனிதர்கள். யார் இவர்கள் என்றால், துறைமுகத்து மதுக்கடைகளில் பொறுக்கி வந்த குப்பைகள், காணாமல் போனால் யாரும் தேடாதவர்கள் என்கிற தொனியில் பதில் வருகிறது. மேலே உலகின் சிறந்த வீரர்கள் மோதும் புல்வெளி, கீழே யாரும் தேடாதவர்கள் அடைபட்ட கூண்டு. மேலே இருப்பதன் செலவைக் கீழே இருப்பவர்கள் கட்டுகிறார்கள்.

புரூஸ் லீயும் கடைசியில் கண்ணாடி அறையில் ஹானைக் கொல்கிறார், அதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி. ஆனால் அதற்கு முன்பே தீவு விழுந்துவிட்டது. அதை விழ வைத்தது ஒற்றை நாயகனின் உதை அல்ல. ஹானின் ஆட்கள் மொத்தமாக லீயையும் ரோப்பரையும் சூழும்போது, கூண்டுகள் திறக்கின்றன. திறந்தவள் மெய் லிங், ஏற்கெனவே தீவுக்குள் வேவு பார்க்க வந்திருந்த ஒரு பெண். கைதிகள் புல்வெளிக்கு ஏறி வருகிறார்கள். அதுவரை அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டுமான களம், அழைக்கப்படாதவர்களால் நிரம்புகிறது. போட்டி அங்கே முடிகிறது. சாவியைக் கொண்டுவந்த மெய் லிங்கின் போஸ்டர் எந்த ஜிம்மிலும் இல்லை.

தோழர்களே, நம் பிள்ளைகள் போட்டிகளுக்குப் போகட்டும். ஜெயிக்கட்டும், பெல்ட் வாங்கட்டும், பதக்கம் வாங்கட்டும். களத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை, விருப்பமும் இல்லை. ஆனால் நன்றாக அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லி அவர்களை அனுப்பாதீர்கள். வில்லியம்ஸ் நன்றாகத்தான் அடித்தார். பாலூ நன்றாகத்தான் பந்து வீசினார். தோற்று வரும் பிள்ளையிடம் "இன்னும் நல்லா பயிற்சி பண்ணியிருக்கணும்" என்று சொல்வதற்கு முன், பதிவு மேசையில் என்ன கேட்டார்கள் என்று கேளுங்கள். நடுவர்கள் யார், அவர்களை நியமித்தது யார், சங்கத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கேட்கத் தனியாகப் போகாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பு வீரர்கள் சேர்ந்துதான் போனார்கள்.

என் நண்பன் அந்தப் போட்டிக்குப் பிறகு கராத்தேக்கு வரவில்லை. அவன் மகளுக்கு இப்போது எட்டு வயது. போன மாதம் அவளை ஒரு கிளாஸில் சேர்த்துவிட்டு எனக்கு போன் செய்தான். "படிவத்துல அப்பா வேலைன்னு ஒரு கட்டம் இருக்குடா, எதுக்குன்னு கேட்டேன். அவங்களுக்கே பதில் தெரியலை. அந்தக் கட்டத்தை எடுத்துட்டு வேற படிவம் குடுங்க, அப்புறம் சேக்குறேன்னு சொல்லிட்டேன்" என்றான். கொடுத்தார்களா என்று கேட்டேன்.

"நான் மட்டும் கேக்கலை. கூட நாலு அப்பா அம்மா நின்னாங்க. குடுக்காம என்ன பண்ணுவாங்க?" என்றான்.